முந்திக்கொள்ள வந்தவர்களும் கிளாரா ரீச்சரும்

மாரி வெள்ளம் வயலையும் வாவியையும் ஒன்றாக்கிவிட்டிருந்த ஒரு காலையில், கொக்கட்டிச்சோலையில் என் அண்ணன் வீட்டு வாசலில் நனைந்தபடி ஓர் ஆள் வந்து நின்றார். மட்டக்களப்புப் பட்டணத்திலிருந்து அன்று கடந்து வந்த ஒரே படகில் வந்தவர். "ஞானம் ரீச்சர் இஞ்சதானே இரிக்கிறா? உங்களோட படிப்பிக்கிற கிளாரா ரீச்சர் மோசம் போயித்தாவாம். சொல்லச் சொன்னாங்க" என்றார். மரணச் செய்தியைச் சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டத் துணி கேட்டார். நான் துணியை எடுக்க உள்ளே போனவள், எதற்குப் போனேன் என்று தெரியாமல் அறைக்குள்ளே நின்றேன்.

அதன் பிறகு காற்று எழுந்து படகு நின்றுவிட்டது. துறைக்குப் போவதும் வருவதுமாக அந்த நாளும் அடுத்த நாளும் கழிந்தன. நான் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, அவருடைய தாயாரைப் பார்க்க வந்த உறவினர்களும் கலைந்துவிட்டிருந்தார்கள். கல்லறையில் பேசியவர்கள் அவரை அமைதியே உருவானவர் என்று சொன்னார்களாம். இதை வாசிக்கும் உங்களில் அவரைத் தெரிந்த பலர் அந்தச் சொல்லைக் கேட்டு அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். கிளாரா ரீச்சர் அமைதியானவர் அல்லர். தேநீரைக்கூட நின்றுகொண்டு குடித்தவர் அவர். வகுப்பில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் எப்போதும் புத்தகங்கள்தான் உட்கார்ந்திருந்தன. அவர் மேசையிலிருந்து கடைசி வரிசைக்கும், அங்கிருந்து யன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்த பிள்ளைகள்தான் முதலில் அகப்பட்டார்கள்.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. பெண்கள் படிக்கும் எங்கள் மிசன் பள்ளிக்கூடத்தில் அப்போது ஓர் உலகப்படம்தான் இருந்தது. பிரித்தானியருக்குச் சொந்தமான நாடுகளுக்கெல்லாம் சிவப்பு நிறம் தீட்டிய பெரிய துணிப்படம். நான் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவள். அவர் புதிதாக வந்த சரித்திர ஆசிரியை. ஒருநாள் நான் ஆறுகளைச் சொல்லிக்கொடுக்கப் படத்தை எடுக்கப் போனால் ஆணியில் படம் இல்லை. அடுத்த வகுப்பில் அவர் அதை விரித்து மாட்டியிருந்தார். வாசலில் நின்று, இது என்னுடைய பாடவேளைக்கு வேண்டியது என்றேன். எனக்கும் வேண்டியதுதான், நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்று பயந்து முதலில் எடுத்துவிட்டேன் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் என் வகுப்பையும் அங்கே கூட்டிவந்து, இரண்டு வகுப்பும் சேர்ந்து உட்காருவது என்று முடிவானது. நான் ஆறுகளைக் காட்டினேன். அந்த ஆறுகளின் முகத்துவாரங்களில் யார் யார் கோட்டை கட்டினார்கள் என்று அவர் காட்டினார். பிறகு பல வருடங்கள் அந்தப் பாடத்தை நாங்கள் அப்படியே நடத்தினோம். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை ஒருவரை ஒருவர் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

பாடப்புத்தகத்தில் ஒரு கேள்வி உண்டு: பேரரசு விரிவடைந்தமைக்குரிய காரணங்களைக் கூறுக. பிள்ளைகள் அதற்குரிய விடையைச் செபம் போலப் பாடமாக்கியிருந்தார்கள். வணிகம், மூலப்பொருள், குடியேற்றம், சமயம். ரீச்சருக்கு அந்த விடை போதவில்லை. அவர் ஒரு பின்னேரம் மூத்த வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். அரச அலுவலகங்கள் அந்தக் கோட்டைக்குள்ளேதான் இருந்தன என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். மதிலின் மேல் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இதைக் கட்டினவர்கள் யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று கேட்டார். நமக்குப் பயந்து என்றார்கள் பிள்ளைகள். பெருமையாகத்தான் சொன்னார்கள். அவர் அவர்களைத் திருப்பி, பீரங்கி நின்ற மூலைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று காட்டினார். அவை வாவியையும் அதன் வழியே கடலிலிருந்து வரும் பாதையையும் பார்த்துக்கொண்டிருந்தன.

போர்த்துக்கேயர் இந்தக் கரையில் வேறு நாட்டுக் கப்பல்கள் இறங்கிவிடும் என்று பயந்து முதலில் இங்கே கோட்டை போட்டதையும், அவர்கள் பயந்தபடியே டச்சுக்காரரான ஒல்லாந்தர் வந்து அதைப் பிடித்ததையும் சொன்னார். பிறகு ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்தைப் பிடிக்க, இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடக்கூடாது என்று ஆங்கிலேயர் வந்ததையும் சொன்னார். மதிலின் மேல் நடந்துகொண்டே சொன்னார். நடுவில் ஓரிடத்தில் நின்று, பிள்ளைகள் பலர் பிறகும் சொல்லித் திரிந்த அந்த வசனத்தைச் சொன்னார்.

"இதுக்குள்ள வந்தவன் ஒருத்தனும் இந்த ஊருக்காக வரல்ல புள்ளைகள். மத்தவன் வந்திருவான் எண்டுதான் வந்தான்."

அவர் பிறந்த வீடே அந்தச் சரித்திரத்தால் ஆனது. தகப்பன் வழியில் ஒல்லாந்தப் பெயர். தாய் வீட்டுக்குள் பேசியது போர்த்துக்கேயம். பட்டணத்துப் பறங்கிக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. தகப்பன் தச்சுவேலை செய்தவர். அந்தப் பட்டறையைப் பிறகு தம்பி நடத்தினார். நான் போகும்போதெல்லாம் தாயார் ரீச்சரைப் போர்த்துக்கேயத்தில் ஏசிக்கொண்டிருப்பார், பெரும்பாலும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி. ரீச்சர் தட்டைக் கையில் வைத்தபடி தமிழில் பதில் சொல்வார். "இந்த வீட்டில தோத்த ரெண்டு பேரும் ஒரே மேசையில இரிக்கிறாங்க ரீச்சர். அதான் எனக்கு இரிக்க இடமில்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். பகிடிதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அவர் சொன்னதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பள்ளி விட்டதும் நாங்கள் கல்லடிப் பாலத்தில் நடப்போம். நடப்பது அவர், கூட ஓடுவது நான். நான் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே நெல்லை நம்பி வாழ்கிற குடும்பத்தில் பிறந்தவள். நிலத்தை ஒருவன் எதற்குப் பிடிக்கிறான் என்பது எனக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். அதனால் பயம் பயம் என்று அவர் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. கடற்கரை நீளத்துக்கு வெள்ளைக்காரத் துரைமார் தென்னந்தோட்டம் போட்டது பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்தா என்று கேட்டேன். தேங்காய்க்குத்தானே. கறுவாப்பட்டைக்கும் தேயிலைக்கும்தானே. அவர் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். பிறகு நான் சொல்வது சரி என்றும், ஆனால் அது பாதிதான் என்றும் சொல்லி நடக்கத் தொடங்கினார். அந்தப் பாதியோடு எது சேரவேண்டும் என்று அடுத்து வந்த பல நாட்கள் தர்க்கித்தோம். கடைசியில் அவர் கண்டுபிடித்த வசனத்தில் என் பங்கும் இருக்கிறது என்று அவரே சொல்வார்: ஆசைதான் கூட்டி வருகிறது, பயம்தான் திரும்பிப் போக விடாது.

தோற்றவர்களைப் பற்றியும் அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஒரு வல்லரசு பெருத்தால் பக்கத்து வல்லரசு ஒடுங்கிப் போகும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பெருத்தவனைப் பார்த்து மற்றவன் கற்றுக்கொள்கிறான், அவனைப் போலவே கப்பல் கட்டுகிறான், அவனைப் போலவே காரணம் சொல்கிறான், பிறகு அவனைப் போலவே ஊர் தேடிப் புறப்படுகிறான் என்பார். ஜப்பான் சீனாவுக்குள் இறங்கிய நாளிலிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சீனா எங்களுக்குத் தூரமாக இருந்தது.

பிறகு அது பக்கத்தில் வந்தது. சிங்கப்பூர் விழுந்தது. பர்மா அரிசி வராமல் கடைகளில் சாக்குகள் வெறுமையாகத் தொங்கின. குண்டு விழும் என்று பயந்து சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு படுவான்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். என் அண்ணன் வீட்டிலும் மூன்று குடும்பம் வந்து இருந்தது. எங்கள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஓர் இளம் ஆசிரியர் ஆசிரியர் அறையில் மெல்லிய குரலில் சந்தோசப்பட்டார். ஆசியாக்காரன் வருகிறான், இனி நமக்கு விடிவு என்றார். ரீச்சர் கையில் தேநீரோடு அவர் பக்கம் திரும்பினார். "ஒல்லாந்தன் வரக்குள்ளயும் போர்த்துக்கீசன்ட்ட இருந்து காப்பாத்தத்தான் வாறன் எண்டான் மாஸ்டர். கண்டி ராசா நம்பினார்" என்றார். பாட்டு மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே கிழமையில் பள்ளி மனேஜர் காலைக் கூட்டத்தில் இது சுதந்திரத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் நடக்கிற போர் என்று பேசினார். அப்போதும் ரீச்சரின் முகத்தில் அதே பொறுமையின்மைதான் இருந்தது. அவர் யாருடைய பக்கம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சந்தேகப்படத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் அது சிறிய சந்தேகம் அல்ல. கண்டபடி கதைத்தவர்களைப் பொலிசார் கூட்டிப்போய் விசாரித்துக்கொண்டிருந்த காலம்.

அந்தப் பதற்றத்துக்கு நடுவில் பள்ளிகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர் என்று பெயர். நானும் மனேஜரும் வகுப்பின் பின்புறம் நின்றோம். அவர் நாவற்குடாவிலிருந்து வரும் பரமேசுவரியை எழுப்பி, பிரித்தானியப் பேரரசு ஏன் விரிவடைந்தது என்று கேட்டார். பரமேசுவரி கெட்டிக்காரி. பொருள்களுக்குச் சந்தை தேடியும், மூலப்பொருள் தேடியும், பெருகிய மக்களைக் குடியேற்றவும், பிற வல்லரசுகள் முந்திக்கொள்ளாமல் தடுக்கவும் என்று ஒரு மூச்சில் சொன்னாள். வித்தியாதரிசிக்குத் திருப்தி. நாட்டு நடப்பும் தெரிகிறதா என்று பார்க்க நினைத்தாராக்கும். அப்படியானால் ஜப்பான் ஏன் விரிவடைகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

பரமேசுவரி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பொருள்களுக்குச் சந்தை தேடியும், மூலப்பொருள் தேடியும் என்று அதே விடையை, ஒரு சொல் மாறாமல், அதே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஆர் உமக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்றார் வித்தியாதரிசி.

பிள்ளை அப்போதுதான் பயந்தாள். ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் யன்னலடியிலிருந்து நேரே பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நான்தான் சேர். அவவ இரிக்கச் சொல்லுங்க" என்றார்.

வித்தியாதரிசி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனார். பின்னேரம் மனேஜர் ரீச்சரைக் கூப்பிட்டார். வித்தியாதரிசி கொழும்புக்கு எழுதினால் பள்ளிக்கு வரும் அரசாங்க உதவி நின்றுவிடும், பொலிசும் வரும் என்றார். உயிர்த்த ஞாயிறு விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், பிரித்தானியர் செய்ததும் ஜப்பான் செய்வதும் ஒன்றல்ல என்று ரீச்சர் சொல்லவேண்டும். ஒரு வசனம் போதும். சொன்னால் மனேஜர் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்வார். எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினாராம்.

அன்று பாலத்தில் நான் அவரை விடவில்லை. சொல்லிவிடுங்கள் என்றேன். வயதான தாய் இருக்கிறார், தம்பிக்குப் போர்க்காலத்தில் வேலை இல்லை, பொலிசுக்கும் பறங்கிப் பெண் என்று இரக்கம் வராது என்றேன். அவர் வழக்கமான வேகத்தில் நடக்கவில்லை. மனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர் என்றார். வித்தியாதரிசியும் கொழும்புக்குப் பயந்தவர்தான் என்றார். பாலம் முடியும் இடத்தில், "சொல்லிருவன் ரீச்சர். ஒரு வசனம்தானே" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்கு இருக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் சொல்வதென்றுதான் முடிவெடுத்திருந்தார். அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

விடுமுறை முடியவில்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த அந்த வியாழக்கிழமைக் காலையில் கடல் பக்கம் இடி போலக் கேட்டது. மழைக்காலம் அல்ல. கல்லடிக் கடற்கரைக்கு ஓடியவர்கள் வானத்தில் விமானங்களையும், தூரத்தில் புகையையும் கண்டார்கள். பிரித்தானியரின் விமானங்களைச் சுமந்துபோகும் பெரிய கப்பல் ஒன்றை ஜப்பானியர் அங்கே மூழ்கடித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கடலில் நீந்தித் தப்பியவர்களில் சிலரை மீனவர்கள் தோணிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கை போதாமல், ஆங்கிலம் தெரிந்த பெண்கள் யாராவது வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். நான் ரீச்சரின் வீட்டுக்குப் போகும் முன்பே அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார்.

அங்கே கண்டதையெல்லாம் எழுத எனக்கு மனம் இல்லை. எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து மனிதத் தோலை என்ன செய்யும் என்பதை அன்று பார்த்தோம். பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வாசலுக்கு அருகே கட்டிலில் கிடந்தான். முகத்தில் கண்கள் மட்டும் எரியாமல் இருந்தன. ரீச்சர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் நின்று விசிறினேன். அவன் இது எந்த இடம் என்று கேட்டான். மட்டக்களப்பு என்றார் ரீச்சர். அவனுக்கு விளங்கவில்லை. மெதுவாக, எழுத்துக் கூட்டிச் சொல்வது போல, இன்னொரு முறை சொன்னார். அவன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான், சரியாக வரவில்லை. பிறகு, இங்கே எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டான். முறைப்பாடாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தான் ரீச்சர் தன் காலத்தைக் கழித்திருந்தார். கோட்டை மதிலிலும் வகுப்பிலும் பாலத்திலும் அந்த விடையை எத்தனை முறை கேட்டிருப்பேன். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பஞ்சை மறுபடியும் நனைத்து அவன் உதட்டில் வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பையன் மறுநாள் இறந்துபோனான்.

ரீச்சர் நோயாளிகளைப் பார்த்த விதம் பட்டணம் முழுவதும் பேச்சானது. மனேஜரும் கேள்விப்பட்டுக் கண்கலங்கினாராம். பள்ளி தொடங்கிய காலைக் கூட்டத்தில் அவரே ரீச்சரை மரியாதையோடு முன்னால் அழைத்தார். பகைவனின் கொடுமையைக் கண்ணால் கண்டவர் இப்போது பேசுவார் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இனி அந்த ஒரு வசனம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகள் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள்.

ரீச்சர் முன்னால் வந்து அசையாமல் நின்றார். குரல் பெரிதாக இல்லை.

"ஆஸ்பத்திரியில ஒரு பொடியன் மௌத்தான பக்கத்தில நான் இருந்தன்" என்று தொடங்கினார். சாவை மௌத்து என்கிற, காத்தான்குடி முஸ்லிம் சிநேகிதிகளிடமிருந்து வந்த அந்தச் சொல் அவர் வாயில் இயல்பாக வரும். "அவனுக்கு இந்த ஊரின்ட பேர் சொல்லத் தெரியா. அவன எரிச்சவனுக்கும் தெரிஞ்சிரிக்காது. ரெண்டும் ஒண்டில்ல எண்டு உங்களுக்குச் சொல்லச் சொல்லி இரிக்கு. சொல்லத்தான் நினைச்சன். அந்தக் கட்டிலடியில இருந்து பாத்தா எனக்கு வித்தியாசம் தெரியல்ல."

அவ்வளவுதான். தன் இடத்துக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். மனேஜர் செபப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடினார்; நெடுநேரம் தேடினார்.

பொலிசு வரவில்லை. கப்பல்காரரைப் பராமரித்த பெண் என்ற பெயர் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளித் தவணையோடு அவருடைய வேலை போய்விட்டது. தம்பியின் தச்சுப் பட்டறையின் ஒரு பக்கத்தில் பலகை போட்டு, போர் முடியும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மரத்தூளுக்கு நடுவில் முன்போலவே நடந்தார். பரமேசுவரியின் தகப்பன் மகளை அங்கேயே அனுப்பினார். நான் எங்கள் பள்ளியின் உலகப்படத்தை இரவல் கொண்டுபோனபோது மனேஜர் கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார். போர் முடிந்து அந்த மனேஜர் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு, புதிதாக வந்தவர் ரீச்சரை வீடு தேடிப் போய் அழைத்தார். ரீச்சர் திரும்பி வந்த நாளில் பழைய பாடப்புத்தகத்தில் பழைய கேள்வி அப்படியே இருந்தது. அவர் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

சுதந்திரம் கிடைத்த நாளில் கோட்டையில் கொடி மாறுவதைப் பார்க்க இருவரும் போனோம். நான் கை தட்டினேன். இத்தனை காலம் கழித்து, முந்திக்கொள்ள வந்தவன் போகிறான். அவரும் சந்தோசப்பட்டார், என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆனால் கூட்டம் கலைந்து வெளியே வரும்போது அவர் நடை மறுபடியும் வேகமானது.

"இனி நாங்க ஆருக்குப் பயப்படப்போறம் ரீச்சர்?" என்றார்.

யாருக்கும் இல்லை என்று சொன்னேன். "அதில்ல. ஆராவது ஒருத்தரத் தேடிப் புடிப்பம். பாருங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

கடைசி மாதங்களில் ஒல்லாந்தர் யாவாத் தீவில் திரும்பவும் போர் நடத்துவதைப் பத்திரிகையில் படித்துப் படித்துக் கொதித்துக்கொண்டிருந்தார். ஜேர்மனியின் காலடியில் கிடந்து எழும்பியவன், எழும்பிய உடனே இன்னொருவன் மேல் காலை வைக்கிறானே என்பார். தன் தகப்பன் வழிப் பெயரைச் சொல்லித் தன்னையே ஏசிக்கொள்வார். மார்பில் வலி இருந்ததை யாருக்கும் சொல்லவில்லை. மழை விட்ட ஒரு பின்னேரம் வாசிகசாலைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டார் என்று தாயார் சொன்னார். சொல்லும்போது தமிழில் தொடங்கி, நடுவில் தன் பாசைக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாம் விளங்கியது.

போன கிழமை வெள்ளம் வடிந்து நான் மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எங்கள் வயல் வட்டைக்கும் அடுத்த ஊராரின் வட்டைக்கும் நடுவில், இரண்டு பக்க வயல்காரரின் மாடுகளும் மேய்கிற பொதுத் தரை ஒன்று இருக்கிறது. அடுத்த ஊரார் அதற்கு வேலி போடப்போகிறார்கள் என்று கதை. எங்கள் ஆட்கள் கம்புகள் வெட்டி வந்து முற்றத்தில் குவித்திருந்தார்கள். அவர்கள் போட முதல் நாம் போட்டுவிடவேண்டும் என்றார் அண்ணன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். சோறு போட்டு வளர்த்தவர்கள். நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அவங்க போடப்போறாங்க எண்டு ஆரு சொன்னது அண்ணன்?" என்றேன்.

கதைத்துக்கொண்டார்கள் என்றார்.

"நேர போய்க் கேட்டாரா ஒருத்தர்?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக் கதைய இஞ்ச கொண்டு வராத புள்ள" என்றார். பெண்கள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வயதில் மூத்த இருவர் எழுந்து, கேட்டுவிட்டு வருகிறோம் என்று வரம்பு வழியே நடந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கம்புகளைத் தூக்கிக்கொண்டு பொதுத் தரைக்குப் போய்விட்டார்கள்.

கிளாரா ரீச்சர் எனக்கு ஆறுதல் எதையும் விட்டுப்போகவில்லை. அந்நியரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் நம்மையும் பற்றியதுதான் என்ற தெளிவை விட்டுப்போயிருக்கிறார்; என் சனங்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டும் இடத்தில் இனி என்னால் தலையாட்ட முடியாது. அதைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். சுமக்க வசதியான பொருள் அல்ல. அன்று பின்னேரம் அண்ணன் துறைவரை வந்து, என் பெட்டியைப் படகில் ஏற்றிவிட்டு உடனே திரும்பி நடந்தார். கேட்கப் போன இருவரும் அதுவரை திரும்பவில்லை. தரையில் கம்பு அடிக்கும் சத்தம் தண்ணீருக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னதை நானும் திருப்பி எடுக்கவில்லை.